ஏற்றம் மிகுந்த முகூர்த்தம்

ஆன்ட்டி, ஒரு விஷயம் வைத்திருக்கிறேன். கேட்டால் வயிறு வலிக்கச் சிரிப்பீர்கள். ஆனால் இப்போது சொல்ல மாட்டேன். டவர் வரட்டும். கரை நெருங்கினால்தான் டவர் வருமாம், கப்பல்கார அண்ணா சொன்னார். வந்ததும் ஒரே ஒரு போன் போடுவேன். நீங்கள் பக்கத்தில் உட்கார்ந்து சத்தம் போடாமல் கேட்க வேண்டும், அவ்வளவுதான். சிரிப்பு தாங்காவிட்டால் முந்தானையை வாயில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஐயோ, பேச வேண்டாம். தொண்டையைத் தொட்டுக் காட்டினீர்களே, புரிந்துவிட்டது. சுத்தமாகக் கட்டிக்கொண்டதா? யாரிடமோ நன்றாகக் கத்தியிருக்கிறீர்கள். மிட்டாயைச் சப்பிக்கொண்டு தலையை மட்டும் ஆட்டுங்கள். எனக்குப் பேசாமல் கேட்கிற ஆட்களைத்தான் பிடிக்கும். எங்கள் வீட்டில் ஒருத்தர்கூட அப்படிக் கிடையாது.

அதோ கண்ணாடிக்கு வெளியே, கம்பியைக் கட்டிப்பிடித்துக்கொண்டு கடலுக்கு வாந்தியைக் கொடுத்துக்கொண்டிருக்கிறாரே, தலையில் துண்டு கட்டினவர், அவர்தான் எங்கள் அப்பா. சென்னியப்பன். ஈரோட்டில் மஞ்சள் மண்டி. ஏன் அப்படித் திரும்பிப் பார்க்கிறீர்கள்? தெரிந்தவரா? இருக்காது. அவர் பவானி ஆற்றையே கரையில் நின்று பார்க்கிறவர். முதுகைத் தடவிக்கொண்டு நிற்பது அம்மா. நான் மிதுனா. பிளஸ் ஒன் முடித்துவிட்டேன். நாளைக்குக் காலையில் அந்தத் தீவில் எங்கள் அக்காவுக்குக் கல்யாணம். அக்காவும் மாப்பிள்ளை வீட்டாரும் நேற்றே போய்விட்டார்கள். அப்பாவுக்கு நேற்று சூலம் சரியில்லையாம். அதனால் நாங்கள் இன்றைக்கு.

கல்யாணம் என்றதும் சிரிப்புக் கதை என்று நினைக்காதீர்கள். அழுகைக் கதை. சிரிப்பு அதற்கு உள்ளே இருக்கிறது, இருங்கள்.

அக்கா போனில் ஒரு படம் பார்த்தாள். வெள்ளை மணல், பின்னால் நீலக் கடல், நடுவில் நாலு கம்பத்தில் வெள்ளைத் துணி பறக்கிற மாதிரி ஒரு மணவறை. "தாலி கட்டினா இங்கதான் கட்டணும். இல்லைன்னா எனக்குக் கல்யாணமே வேண்டாம்" என்றாள். அப்பா மூன்று நாள் சாப்பிடவில்லை. நாலாம் நாள், "செரி, நம்ம சாஸ்திரத்துல ஒண்ணுகூடக் கொறையக் கூடாது" என்று சொல்லிவிட்டுச் சாப்பிட்டார். சாஸ்திரம் அங்கே, கடல் இங்கே, நடுவில் மாட்டினது யார்? நான்.

தீவில் கல்யாணம் நடத்திக் கொடுக்க ஒரு அம்மாவைப் பிடித்தார்கள். ரெஜினா மேடம். அவர்கள் தாத்தா காலத்திலேயே ராமநாதபுரம் பக்கத்திலிருந்து அந்தமானுக்கு வந்துவிட்டார்களாம். நன்றாகத் தமிழ் பேசுவார்கள். அப்பா போனில் 'தீவு மேடம்' என்று போட்டு வைத்தேன். முகம் பார்த்தது இல்லை. வாட்ஸப்பில் ஒரு தென்னை மரம் வைத்திருக்கிறார்கள். அதனால் என் மனசுக்குள் அவர்கள் ஒரு தென்னை மரம்தான்.

அந்தத் தென்னை மரத்திடம் என்ன கேட்டாலும் ஒரே பதில். இருங்கள், பேசிக் காட்டுகிறேன். மூக்கைச் சுருக்கிக்கொண்டு, நாக்கைக் கொஞ்சம் தடிக்க விட வேண்டும். "அச்சா, அச்சா. கவலப்படாதீங்கய்யா, தீவு பாத்துக்கிடும்."

பார்த்தீர்களா, உங்களுக்கே சிரிப்பு வந்துவிட்டது! நான் நன்றாகச் செய்வேன் ஆன்ட்டி. பள்ளிக்கூடத்தில் ஹெச்.எம். குரலில் மைக்கில் அரை நாள் லீவு விட்டிருக்கிறேன். பஸ் ஏறிப் பாதிப் பேர் வீட்டுக்கே போய்விட்டார்கள்.

அப்பா கேட்பார். இது அப்பா: "ஏனுங் மேடம், அங்க வாழமரம் கெடைக்குமுங்களா?" தீவு பாத்துக்கிடும். "அரசாணிக்கால் நட்டா மணலுக்குள்ள நிக்குமுங்களா, சாஞ்சுக்குமுங்களா?" தீவு பாத்துக்கிடும். "கல்யாணம் நடத்தி வெக்கற எங்க அருமைக்காரர் எழுவது வயசுங்க. அவருக்குச் சம்மணம் போட்டு உக்கார எடம் இருக்குமுங்களா?" அதையும் தீவே பாத்துக்கிடும். இதைக் கேட்டு வாங்கவே ரெண்டு நாள் ஆகும். ஏனென்றால் டவர் இருக்காது. காற்று அடித்தால் இருக்காது, மழை பெய்தால் இருக்காது, சும்மா இருந்தாலும் இருக்காது. அப்பா மண்டியில் நின்று கத்துவார், அக்கா பெங்களூரிலிருந்து அழுவாள், அம்மா இரண்டு பேருக்கும் நடுவில், "எனக்கென்ன தெரியும், மிதுவைக் கேளுங்க" என்பாள். அப்பாவுக்கு மூட்டைச் சத்தத்தில் காது கொஞ்சம் மந்தம். போனைத் தூக்கி என்னிடம் எறிவார். "இந்தா அம்மிணி, நீயே பேசித் தொலை."

நான் பேசினால்?

"பெரியவங்ககிட்ட குடு பாப்பா."

பதினோரு தடவை ஆன்ட்டி. எண்ணியிருக்கிறேன். "மேடம், நான் மிதுனா பேசறேன், பூ விஷயமா..." பெரியவங்ககிட்ட குடு பாப்பா. "மேடம், ரூம் சாவி..." பெரியவங்ககிட்ட குடு பாப்பா. வீட்டில் ஒட்டுமொத்தக் கல்யாணத்தையும் என் விரலால் தட்டித் தட்டி அனுப்புவது நான். அப்பாவுக்கு 'ழ' எங்கே இருக்கிறது என்றே தெரியாது. ஆனால் என் குரலில் சொன்னால் தீவுக்கும் கேட்காது, வீட்டுக்கும் கேட்காது. பாப்பாவாம். எனக்குப் பதினாறு முடிந்துவிட்டது.

அப்படியே ஓடியிருக்கும். நேரத்தில்தான் வெடித்தது.

நாள் பௌர்ணமி, சித்திரை. ஜோசியர் இரண்டு முகூர்த்தம் எழுதிக் கொடுத்தார். ஒன்று விடியற்காலை ஐந்தேகால். இன்னொன்று காலை ஒன்பதரை. எது என்று குறிக்க வேண்டியதுதான். தீவு மேடம், "அஞ்சேகாலே வச்சிருங்கய்யா, எங்கூர்ல அஞ்சு மணிக்கே பொலபொலன்னு விடிஞ்சிரும், ஆறரைக்குள்ள எல்லாம் முடிஞ்சிரணும்" என்றார்கள். அப்பா செரி என்றார். அக்கா செரி இல்லை என்றாள். இது அக்கா: "மிதூ, ரெண்டு மணிக்கு எந்திரிச்சு மேக்கப் போட்டா கண்ணுக்குக் கீழ பை தொங்கும்டீ. போட்டோவுல நான் மாப்பிள்ளைக்கு அம்மா மாதிரி இருப்பேன்." அவள் எழுந்தால் நானும் எழ வேண்டும். நான் இரண்டு மணிக்கு எழுந்த சரித்திரம் கிடையாது.

மேடத்துக்குப் போன் போட்டு, என் குரலில், மரியாதையாகக் கேட்டேன். "ஒன்பதரைக்கு வெச்சா என்னங்க மேடம்?"

என்ன சொல்லியிருப்பார்கள்? ஆமாம். அதுதான். பன்னிரண்டாவது தடவை.

எனக்கு வந்ததே ஒரு ஆத்திரம். போனை வைத்தேன். மொட்டை மாடிக்குப் போனேன். தாடையை உள்ளே இழுத்து, வாயில் வெற்றிலை இருக்கிற மாதிரி ஒரு கன்னத்தை உப்ப வைத்து, மறுபடி அடித்தேன். "அலோ, நானு சென்னியப்பன் பேசறனுங்க. பெரியவன்தானுங்க பேசறேன்."

அப்படியே குழைந்துவிட்டார்கள் ஆன்ட்டி! "ஐயா, சொல்லுங்கய்யா, சாப்டீங்களாய்யா?" என்னிடம் ஒரு தடவையாவது சாப்பிட்டாயா என்று கேட்டிருப்பார்களா?

இது இல்லை நான் சொன்ன சிரிப்பு. இது சும்மா தொட்டுக்கொள்ள.

"எங்களுக்கு ஒம்போதரை முகூர்த்தந்தான் வேணுமுங்க" என்றேன். அப்புறம் சொன்னார்கள் பாருங்கள்: "ஐயா, அன்னைக்குப் பௌர்ணமி. அந்நேரம் ஏத்தம் ரொம்ப ஜாஸ்தியாச்சேய்யா."

எனக்கு ஒரே சந்தோஷம்! ஏற்றம் ஜாஸ்தி என்றால் இனி எவன் தடுப்பான்? "ஏத்தம் இருக்கட்டுமுங்க, அதானுங்க எங்களுக்கு வேணும். பெத்த புள்ளைக்கு ஏத்தம் வேண்டாம்னு எந்தத் தகப்பன் சொல்லுவான்?" என்றேன். அந்தம்மா தயங்கினார்கள். "இல்லங்கய்யா, கால் நனையும்..." நனையட்டுமே! எங்கள் பக்கம் பாதபூசை இல்லாமல் கல்யாணமா? அதைச் சொன்னேன். "நனையட்டுமுங்க, தண்ணி ஊத்தி நனைக்கறதுதானுங்க எங்க சாஸ்திரம்." அப்புறம் லைன் கரகரவென்று போய், "பெரியவங்களுக்கு... முழங்கால்..." என்று காதில் விழுந்தது. வயசானவர்களுக்கு முழங்கால் வலி வரும், எப்படி நிற்பார்கள் என்று கேட்கிறார்கள், பாவம், நல்ல மனசு. "அதெல்லாம் எங்க சனத்துக்குப் பழக்கமுங்க, ஆளுக்கொரு தைலம் கொண்டாந்துருவாங்க" என்றேன்.

கடைசியில், "அச்சா" என்றார்கள். ஒரே ஒரு அச்சா. "உங்க இஷ்டம்ங்கய்யா."

ஏன் ஆன்ட்டி ஒரு மாதிரி ஆகிவிட்டீர்கள்? கண்ணெல்லாம் கலங்குகிறதே. கப்பல் ஒத்துக்கொள்ளவில்லையா? புளிப்பு மிட்டாய் தரட்டுமா? வேண்டாமா? சரி, அந்த நோட்டை எடுத்துப் புரட்டாதீர்கள், ஆடுகிற கப்பலில் எழுத்தைப் பார்த்தால் இன்னும் குமட்டும்.

பாதி வேலைதானே முடிந்தது. அப்பாவை யார் மாற்றுவது? அதற்கும் ஆள் இருக்கிறது. அப்பா போனில் என் பழைய போன் நம்பரை 'தீவு மேடம் 2' என்று போட்டு வைத்தேன். "ஒரு நம்பருக்கு அங்க டவர் இல்லைப்பா, அதான் ரெண்டு" என்றேன். நம்பிவிட்டார். மண்டியில் ஒரு மஞ்சள் கிழங்கை முகர்ந்து பார்த்தே எந்தக் காட்டுது என்று சொல்லிவிடுவார். போன் மட்டும் அவருக்கு அப்படி.

சாயங்காலம் மாடியிலிருந்து அடித்தேன். மூக்கைச் சுருக்கி, நாக்கைத் தடித்து. "ஐயா, ரெஜினா பேசுறேன். நாள் நல்லாப் பாத்தேங்கய்யா. ஒம்போதரைக்கு நல்ல ஏத்தம். அஞ்சேகால்ல அந்த அளவு ஏத்தம் இல்லீங்கய்யா."

கீழே கூடத்திலிருந்து அப்பா குரல் எனக்கு நேராகவே கேட்டது. "அடிப் புள்ளே, கேட்டியா! கடலுக்கு அந்தாண்ட இருக்கற பொம்பள, நமக்கு ஏத்தம் பாத்துச் சொல்லுது!" அம்மாவிடம் சொன்னார், மண்டியில் சொன்னார், பெரியப்பா வீட்டுக்குப் போன் போட்டுச் சொன்னார். பத்திரிகையிலேயே போட்டுவிட்டார் ஆன்ட்டி! இருங்கள், பையில் ஒன்று வைத்திருக்கிறேன். இதோ. 'ஏற்றம் மிகுந்த சுப முகூர்த்த வேளையில்.' ஊரில் யார் பத்திரிகையிலும் இப்படி ஒரு வரி கிடையாது. வெற்றிலைப் பாக்கு வைக்கப் போன இடமெல்லாம் அப்பா இந்த வரியை விரலால் தொட்டுக் காட்டினார். அந்த வரி நான் போட்டது. என் பெயர் பத்திரிகையில் எங்கே தெரியுமா? 'தங்கள் நல்வரவை விரும்பும்' என்பதற்குக் கீழே, பெரியம்மாவின் பேரக் குழந்தைகளோடு. மழலைப் பட்டாளத்தில்.

அது போகட்டும். அதற்குப் பிறகு மேடத்தோடு நான்தான் அப்பா. 'இனிமே இந்த நம்பருக்கே கூப்பிடுங்க' என்று என் நம்பரைக் கொடுத்துவிட்டேன். அவர்கள் என்னவோ மாறிப் போனார்கள். முன்னே தீவு பாத்துக்கிடும் தீவு பாத்துக்கிடும் என்றவர்கள், இப்போது அவர்களே விட்டு விட்டுக் கூப்பிட்டு, "ஐயா, நல்லா யோசிச்சுத்தான் சொல்லுறீங்களா?" என்பார்கள். "பொண்ணு பட்டுச்சேலையா கட்டுது?" என்பார்கள். பின்னே பாலிதீனா கட்டுவாள்? ஒரு நாள், "அந்த எழுவது வயசுப் பெரியவரு நின்னே பண்ணுவாரா?" என்றார்கள். "சம்மணம் போட்டாத்தானுங்க சாஸ்திரம்" என்றேன். பெருமூச்சு விட்டது இங்கே கேட்டது. போன வாரம் இன்னும் மோசம். வருகிறவர்களுக்கெல்லாம் செருப்பு அளவு வேண்டுமாம்! கல்யாணத்துக்கு வருகிறவனிடம் செருப்பு அளவு கேட்கிற ஊர் உண்டா? நானும் ஏதோ தீவு வழக்கம் போல என்று, அப்பா எட்டு, அம்மா ஆறு, நான் அஞ்சு என்று வாய்க்கு வந்ததையெல்லாம் சொல்லி அனுப்பினேன். எனக்கு என்ன எரிச்சல் என்றால், ஒரு வேலையைக் கொடுத்தால் செய்துவிட்டுப் போக வேண்டும். இத்தனை கேள்வி எதற்கு?

உங்களை மாதிரி பேசாமல் வேலை பார்க்கிறவர் கிடைத்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். மடியில் அந்தத் தெர்மோகோல் பெட்டியை எவ்வளவு பத்திரமாக வைத்திருக்கிறீர்கள்! மல்லிகைதானே? வாசனை வந்துவிட்டது. யாருக்கோ விசேஷம் போலிருக்கிறது. காலடியில் அந்த மூட்டையில் என்ன, பிளாஸ்டிக் செருப்பா? பின்னால் வார் வைத்தது. இத்தனையா? கடை வைத்திருக்கிறீர்களா ஆன்ட்டி?

சரி சரி, சிரிப்பு. மறக்கவில்லை. நான் வேண்டுமென்றேதான் தள்ளிப் போட்டேன்.

கப்பலிலிருந்து இறங்கினால் அந்தம்மா மாலையோடு நிற்பார்கள், இல்லையா? அப்பாவும் அவரும் நேருக்கு நேர் பேசிக்கொண்டால் என் வண்டவாளம் தெரிந்துவிடும். அதனால் டவர் வந்ததும் அப்பா குரலில் அடித்து, "தொண்டை போயிருச்சுங்க மேடம், ரெண்டு நாளைக்குப் பேசக் கூடாதுன்னு டாக்டரு சொல்லிட்டாரு, எதுனாலும் எம் பொண்ணுகிட்டயே கேட்டுக்கோங்க" என்று சொல்லப் போகிறேன். அப்பாவிடம் போய், "மேடத்துக்குத் தொண்டை போயிருச்சாம்பா, ரெண்டு நாளைக்குப் பேச மாட்டாங்களாம்" என்பேன். நாளைக்கு முழுக்க இரண்டு பேரும் ஊமைபோலக் கும்பிட்டுக் கும்பிட்டுத் தலையாட்டுவார்கள். நடுவில் நான். பெரியவங்ககிட்ட குடு பாப்பாவா? இனிமேல் பெரியவர்களே பாப்பாவிடம்தான் வர வேண்டும்!

சிரிக்கவே மாட்டேன் என்கிறீர்களே. இதற்குத்தான் இவ்வளவு நேரம் காத்திருந்தேன்.

ஆ, டவர்! ஒரு கோடு. இரண்டு கோடு. கரையும் வந்துவிட்டது. அந்த அண்ணா என்ன கத்துகிறார்? 'ஏத்தம், ஏத்தம்' என்கிறாரே! பாருங்கள் ஆன்ட்டி, இந்த ஊரில் வருகிறவர்களுக்கெல்லாம் ஏற்றம்தான். அண்ணா! என்னண்ணா ஏத்தம்?

"கடல் ஏத்தம் பாப்பா. கீழ்ப்படியெல்லாம் முழுகிருச்சு, மேல்படியில காலை வச்சு எறங்கு. நாளைக்குப் பௌர்ணமியில்ல? இன்னும் ஏறும்."

கடலா?

கடல் எப்படி ஏறும்? ஆற்றில் வெள்ளம் வந்தால் ஏறும். கடல் கடல்தானே, அது பாட்டுக்கு இருக்கும்.

...அண்ணா, மணி என்ன இப்போது? ஒன்பதா? தினமும் இந்நேரம்தான் ஏறுமா? நாளைக்கு ஒன்பதரைக்கு? கரையில் மணல் இருக்குமே, வெள்ளை மணல், அது? அதுவுமா?

"மணலு எங்க தெரியும்? மரத்தடி வரைக்கும் தண்ணிதான். சாயந்தரம் வத்துனாத்தான் மணலு."

ஆன்ட்டி.

'ஏத்தம் ரொம்ப ஜாஸ்தியாச்சேய்யா.' 'கால் நனையும்.' முழங்கால். அது வலி இல்லை. ஐயோ, அது முழங்கால் வலி இல்லை ஆன்ட்டி, அது முழங்கால் வரைக்கும்! அருமைக்காரர் சம்மணம் போட்டு உட்கார்ந்தால் கழுத்து வரைக்கும் வருமே! அரசாணிக்கால் மிதந்துவிடும். அக்கா பட்டுப் புடவை. அவள் அந்தப் படத்தைப் போனில் முதல் பக்கத்தில் வைத்திருக்கிறாள், இரண்டு வருஷமாக, தினமும் பார்க்கிறாள். நாளைக்கு அவள் தண்ணீருக்குள் நின்றுகொண்டு... அவள் என்னை ஒன்றுமே செய்யவில்லை ஆன்ட்டி. அவள் தூங்கட்டும் என்றுதான்...

ஐந்தேகால் இருக்கிறது. ஜோசியர் எழுதிக் கொடுத்தது இன்னும் அப்பா சட்டைப் பையில்தான் இருக்கிறது. மாற்றிவிடலாம். இன்றைக்குள் சொன்னால் மாற்றிவிடலாம். நான் இரண்டு மணிக்கு எழுந்துகொள்கிறேன். தூங்கவே மாட்டேன். இருங்கள், தீவு மேடத்துக்கு அடிக்கிறேன். என் குரலில் பேசினால் கேட்க மாட்டார்கள். அப்பா குரல், அப்பா குரல்... தாடையை உள்ளே இழுக்க வேண்டும்.

ரிங் போகிறது. ஆன்ட்டி, உங்கள் பைக்குள் போன் அடிக்கிறது, கொஞ்சம் அமத்துங்களேன், எனக்கு இங்கே ஒன்றும் கேட்கவில்லை. சே, எடுக்கவில்லை. வெட்டிவிட்டு மறுபடி அடிக்கிறேன். உங்களுக்கும் நின்றுவிட்டது, நல்லது.

இதோ, போகிறது. உங்களுக்கு ஏன் மறுபடியும் அடிக்கிறது?

எடுத்துவிட்டார்கள்! "அலோ, நானு சென்னியப்பன் பேசறனுங்க. மேடம், ஏத்தம் வேண்டாமுங்க, அந்த அஞ்சேகால் முகூர்த்தமே..."

ஏன் ஆன்ட்டி, போனைக் காதில் வைத்துக்கொண்டு என்னையே பார்க்கிறீர்கள்? அந்தத் தொண்டையோடு, வெறும் காற்றாக, என்ன சொல்கிறீர்கள்?

"பெரியவங்ககிட்ட குடு, பாப்பா."

மே... மேடம்.